ஹெக்டருக்கு ஓய்வு

றொரன்ரோ
07.02.1993

அன்பின் கொன்ஸிக்கு,

அந்தோனியார் புண்ணியத்தில் நான் சுகம். நீரும் மாமியும் உமது தம்பி றேமண்டும் சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். இங்கே கதவைத் திறந்தால் குளிர் மூக்கு நுனியைக் கடிக்கிறது. நீர் பின்னித் தந்த மப்ளரை வீட்டுக்குள்ளும் நான் கழற்றுவதில்லை. என்னோடு அறையில் இருக்கும் இராசரத்தினம் அண்ணை, "உதோடதான் குளிக்கிறனீரோ?" என்று கேட்கிறார்.

ஒரு புதினம். எங்களுக்கு முதல் இந்த அறையில் இருந்த பெடியன் ஒரு பழைய கொம்பியூட்டரை விட்டுவிட்டுப் போயிருக்கிறான். அதற்குள் இருப்பது ஒரே ஒரு விளையாட்டு, பேஸ்போல். கிரிக்கெற்றுக்குப் பெரியம்மா மகன் மாதிரி ஒன்று. ஒருவன் பந்தை எறிகிறான், மற்றவன் தடியால் அடிக்கிறான். எறிகிறவனுக்கு பிட்சர் என்று பெயர். கையை மடக்கி எறிகிற எறிக்கு நம்மூரில் என்றால் அம்பயர் நோபோல் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்.

இதில் நான் ஓடுவதும் இல்லை, எறிவதும் இல்லை. நான் மனேஜர். எந்த நாளில் எந்தப் பிட்சர் எறிவது என்று சொன்னால் போதும், மிச்சத்தைக் கொம்பியூட்டர் ஆடி முடித்துவிட்டு யார் வென்றது என்று காட்டும். கெட்டிக்காரனை ஒவ்வொரு நாளும் இறக்கினால் ஒவ்வொரு நாளும் வெல்லலாம் என்று நினைத்தேன். இரண்டு கிழமையில் மூன்று பிட்சர்களின் கையை முறித்துவிட்டேன். எனக்கு இந்தப் பதவி சரிவராது.

நீர்தானே பொரளையில் எலும்பு டொக்டரின் கிளினிக்கில் நாள் குறித்து, நம்பர் கொடுத்து, சண்டை பிடிக்கிற ஆட்களை வரிசையில் இருத்துகிறவர். ஆகவே முதலிலிருந்து தொடங்கி, மனேஜர் பெயர் என்று கேட்ட இடத்தில் உமது பெயரை அடித்துவிட்டேன். குழுவின் பெயர் கொட்டாஞ்சேனை. வேண்டாம் என்று சொல்லாதேயும். நத்தார்ப் பண்டிகைக்கு எடுத்த போனில் மூன்று நிமிடமும் "கேக்குதா, கேக்குதா" என்பதிலேயே போய்விட்டது. இதைச் சாட்டியாவது நீர் இரண்டு பக்கம் கூட எழுதுவீர்.

மாமிக்கு என் அன்பு.
உமது கிளெமென்ற்

*

கொட்டாஞ்சேனை
24.02.1993

அன்பின் அத்தானுக்கு,

இன்று விபூதிப் புதன். நெற்றியில் சாம்பலோடு இருந்து எழுதுகிறேன். அம்மாவின் முழங்கால் நோவைத் தவிர எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. உங்கள் உடம்பு எப்படி? சாப்பாடு அண்ணை சமைக்கிறாரா, நீங்கள் சமைக்கிறீர்களா? நீங்கள் என்றால் இரண்டு பேருக்காகவும் மன்றாடுகிறேன்.

மனேஜர் வேலையை ஏற்றுக்கொண்டேன். கலியாணம் முடித்து எழுபத்தொரு நாள் சேர்ந்திருந்தோம். பிரிந்து இரண்டு வருடமும் ஏழு மாதமும் ஆகிறது. நான் உங்களுக்கு மனைவியாக இருந்ததை விடக் கடிதமாக இருந்ததுதான் கூட. இப்போது மனேஜரும் ஆகிவிட்டேன். ஏதோ ஒன்றாக உங்களோடு இருந்தால் சரி.

ஆனால் ஒன்றும் தெரியாமல் நான் கட்டளை போடமாட்டேன். எத்தனை பிட்சர்கள்? ஒருவனுக்கு எத்தனை நாள் ஓய்வு வேண்டும்? கை முறியப் போகிறது என்பது முன்கூட்டியே தெரியுமா? கடைசியாக ஒரு கேள்வி: என் கடிதம் அங்கே வர இரண்டு கிழமை பிடிக்கும். அதுவரை அந்தப் பாவங்கள் என்ன செய்வார்கள்?

உங்கள் கொன்ஸி

*

றொரன்ரோ
14.03.1993

அன்பின் மனேஜர் அம்மாவுக்கு,

நான் நலமே. உமது கடிதத்தை மூன்று தரம் சத்தமாக வாசித்தேன். மூன்றாம் தரம் அண்ணை எழும்பி வெளியே போய்விட்டார்.

கேட்டதற்குப் பதில். பிட்சர்கள் ஐந்து பேர். முறை வைத்து ஒருவர் எறிந்தால் மற்ற நாலு பேருக்கும் ஓய்வு. அதாவது ஒருவன் எறிந்துவிட்டு நாலு நாள் சும்மா இருக்கவேண்டும். ஒவ்வொருவனின் பெயருக்குப் பக்கத்திலும் களைப்பு எவ்வளவு என்று ஓர் இலக்கம் காட்டும். ஓய்வெடுத்தால் குறையும், எறிந்தால் ஏறும். அறுபதுக்கு மேல் போனால் சிவப்பு. அதற்குப் பிறகு எறிந்தால் எப்போது கை போகும் என்று சொல்லமுடியாது. விசேஷம் என்னவென்றால், ஆள் வாய் திறக்கவே மாட்டான். போடு என்றால் போடுவான். இலக்கத்தைப் பார்த்து நாங்கள்தான் அறியவேண்டும்.

இருக்கிறவர்களில் மன்னன் ஹெக்டர். வலது கை, மாடு மாதிரி உழைப்பான். ஐந்து பேருக்கு வெளியே டேவி என்று ஒரு இடது கைக்காரனும் வாங்குப் பலகையில் இருக்கிறான். அவனை ஒருவரும் கணக்கெடுப்பதில்லை.

உமது கடைசிக் கேள்வி என்னை ஒரு நாள் முழுக்க ஆட்டிவிட்டது. உமது கடிதம் வரும்வரை அவர்கள் ஒன்றும் செய்வதில்லை, கொன்ஸி. நான் பொத்தானை அமத்தினால்தான் அங்கே நாள் மாறும். இப்போது அங்கே ஏப்ரல் ஐந்து, காலை. நீர் பதினைந்து நாளுக்கு யார் யார் என்று எழுதி அனுப்பும். அதுவரை அவர்களுக்கு ஏப்ரல் ஐந்துதான்.

உமது கிளெமென்ற்

*

கொட்டாஞ்சேனை
02.04.1993

அன்பின் அத்தானுக்கு,

சுகமாயிருக்கிறீர்களா? இங்கே எல்லாரும் நலம். ஞாயிறு குருத்தோலை. வெயில் தலையைப் பிளக்கிறது.

பதினைந்து நாள் அட்டவணையைத் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன். கிளினிக் கொப்பியில் கிழித்த தாள் என்று டொக்டரிடம் சொல்லவேண்டாம். ஹெக்டருக்கு ஐந்தாம் நாள்தான் முறை, ஒரு நாள் முந்தக்கூடாது. வெல்வதற்காக ஒருத்தனைக் கொல்லக்கூடாது. எங்கள் கிளினிக்கில் தோள் நோவோடு வருகிற துறைமுகத்து ஆட்களைப் பார்க்கிறேன். எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "இன்னும் ஒரு கிழமைதான் மிஸ், பிறகு ஓய்வெடுக்கலாம் எண்டு இருந்தனான்."

டேவியையும் இரண்டு நாள் போட்டிருக்கிறேன். வாங்கில் இருக்கிறவனுக்கும் ஆசை இருக்கும்.

நேற்று 155ஆம் நம்பர் பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் போட்டிருந்த பவுடர் உங்களுடையது. இறங்கவேண்டிய இடத்தில் இறங்காமல் இரண்டு ஹோல்ட் கூடப் போனேன். பைத்தியம் என்று நினைத்தால் நினையுங்கள்.

உங்கள் கொன்ஸி

*

கொட்டாஞ்சேனை
20.06.1993

அன்பின் அத்தானுக்கு,

உங்கள் ஏப்ரல் கடிதமும் மே மாதத்து இரண்டு கடிதங்களும் கையில் இருக்கின்றன. பதில் போடாததற்கு மன்னிக்கவேண்டும். எனக்கு மே மாதம் காய்ச்சல். பயப்பட ஒன்றுமில்லை, மெலிந்துவிட்டேன், அவ்வளவுதான். மே தினத்தன்று குண்டு வெடித்து ஜனாதிபதி இறந்ததற்குப் பிறகு ஊர் ஒரு மாதிரி. வீடு வீடாகப் பெயர் எடுக்கிறார்கள், பஸ்ஸை மறித்து அடையாள அட்டை பார்க்கிறார்கள். பேப்பரில் வாசித்திருப்பீர்கள். அதைப் பற்றி எழுத வேறு ஒன்றும் இல்லை.

பதின்மூன்றாம் திகதி அந்தோனியார் திருநாள். சுற்றுப்பிரகாரத்துக்கு நான் போகவில்லை, யன்னலில் நின்று பாட்டைக் கேட்டேன். றேமண்ட் போய் எனக்காகவும் மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்தான்.

அடுத்த பதினைந்து நாள் அட்டவணை இதோடு இருக்கிறது. அவர்களை இவ்வளவு நாள் காக்க வைத்ததற்கு மனேஜர் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் கொன்ஸி

*

றொரன்ரோ
06.07.1993

அன்பின் கொன்ஸிக்கு,

காய்ச்சல் முற்றாக விட்டுவிட்டதா? உண்மையாகவா? நன்றாகச் சாப்பிடும். பொலிஸ் பதிவுத் துண்டை எப்போதும் கைப்பையில் வைத்திரும். கிளினிக்குக்குப் போகும்போதும் வரும்போதும் றேமண்டோடு போம். அவன் போன ஞாயிறு போன் எடுத்தவன். சும்மா புதினம் கதைத்தோம்.

நல்ல செய்தி ஒன்று. ஸ்பொன்சர் விஷயமாக லோயரைப் பார்த்தேன். ஆறு மாதம் இடைவிடாமல் முழுநேர வேலை என்று ஒரு கடிதம் இருந்தால் உம்மைக் கூப்பிடலாமாம். இடையில் நின்றால் திரும்ப முதலாம் நாளிலிருந்து எண்ணவேண்டும். பேக்கரியில் கூட்டித் துடைக்கிற அரைநேர வேலையை விட்டுவிட்டு, அங்கேயே ஸ்டோரில் முழுநேரம் கேட்டு எடுத்துவிட்டேன். பொறுப்பான வேலை. நேற்று முதல் நாள். ஜனவரி ஐந்தில் ஆறு மாதம். ஒரு நாளும் நிற்கமாட்டேன், கொன்ஸி. உம்மை அங்கே ஒரு நாள்கூடக் கூட வைத்திருக்க எனக்கு மனமில்லை.

ஒரு குற்றமும் ஒப்புக்கொள்ளவேண்டும். கடிதம் வராத நாட்களில் கை சும்மா இருக்கவில்லை, நானே ஆடிவிட்டேன். அங்கே இப்போது யூன் இருபது. ஹெக்டரை மூன்றாம் நாளே இறக்கினேன். இலக்கம் ஐம்பத்தெட்டு. ஆனால் வெல்கிறோம்.

உமது கிளெமென்ற்

*

கொட்டாஞ்சேனை
01.08.1993

அன்பின் அத்தானுக்கு,

நாங்கள் நலம். நான் பழையபடி கொழுத்துவிட்டேன், அம்மாவின் நண்டுக் கறிக்கு நன்றி.

ஜனவரி ஐந்து என்பதை வாசித்துவிட்டுக் கதிரையில் ஏறி, அலுமாரிக்கு மேலிருந்த சூட்கேசை இறக்கித் துடைத்தேன். அம்மா பார்த்துவிட்டு, "இப்பவே வெளிக்கிடுறியோ?" என்று சிரித்தார். சிரிக்கட்டும். நானும் ஒவ்வொரு நாளும் கலண்டரில் கோடு போடுகிறேன். ஒரு பெண் இவ்வளவு வெட்கம் கெட்டு ஏங்கலாமா என்று எனக்கே தெரியவில்லை. ஏங்குகிறேன்.

இப்போது மனேஜர் கதைக்கிறார். யாரைக் கேட்டு ஹெக்டரை மூன்றாம் நாள் இறக்கினீர்கள்? ஐம்பத்தெட்டு என்றால் சிவப்புக்கு இரண்டுதான் மிச்சம். உடனே எட்டு நாள் ஓய்வு. அதோடு, ஸ்டோரில் பொறுப்பான வேலை என்றால் என்ன வேலை? பேனையா, கொப்பியா? விவரமாக எழுதுங்கள். அடுத்த கடிதத்துக்கு ஒரு மாதம் எடுக்காதீர்கள்.

உங்கள் கொன்ஸி

*

றொரன்ரோ
03.10.1993

அன்பின் கொன்ஸிக்கு,

சுகம். நீர் சுகமா? பஸ்ஸில் இருந்து எழுதுகிறேன், அதுதான் எழுத்துக் கோணல். நேரமில்லாமல் போய்விட்டது, கோபிக்காதேயும். வேலையில் ஒரு குறையும் இல்லை. மூன்று மாதம் ஓடிவிட்டது, பாதி.

ஹெக்டரைப் பற்றித்தான் எழுதவேண்டும். நீர் சொன்ன எட்டு நாள் ஓய்வைக் கொடுக்கமுடியவில்லை. முதலாவது இடத்துக்குப் போட்டி. இலக்கம் எழுபத்தாறு. வலது தோளில் பிடித்துவிட்டது. கையைத் தோளுக்கு மேலே தூக்கமுடியாது. கிளினிக்கில் பயிற்சி கொடுக்கிற சரோஜினிதேவி மிஸ்ஸிடம் கேட்டு எழுதும். சுடுதண்ணீர் ஒத்தடம் நல்லதா, ஐஸ் நல்லதா? சேட் போடும்போது எந்தக் கையை முதல் நுழைக்கவேண்டும்? படுக்கும்போது அந்தப் பக்கம் சரியலாமா? இன்னும் மூன்று மாதம் மட்டும் தாக்குப் பிடித்தால் போதும். அதற்கு ஏதாவது வழி இருக்கிறதா என்று கேளும்.

அங்கே இப்போது ஓகஸ்ட் ஒன்பது.

கிளெமென்ற்

*

கொட்டாஞ்சேனை
20.10.1993

அன்பின் அத்தானுக்கு,

நாங்கள் சுகம். நீங்கள் சுகமில்லை.

கொம்பியூட்டருக்குள் இருக்கிறவன் சேட் மாற்றுவானா? எந்தப் பக்கம் சரிந்து படுத்தான் என்று அது உங்களுக்குக் காட்டியதா? என்னை இவ்வளவு மொக்கு என்று நினைத்தீர்களா, அல்லது வலியில் என்ன எழுதுகிறோம் என்றே உங்களுக்குத் தெரியவில்லையா? உங்கள் கடிதத்தை அப்படியே சரோஜினிதேவி மிஸ்ஸிடம் கொண்டுபோனேன். என் கையிலிருந்து வாங்கி வாசித்துவிட்டுக் கேட்டா:

"இவர் மூட்டை தூக்குறவரோ?"

"ஸ்டோரில பொறுப்பான வேலை மிஸ்."

"உந்தப் பொறுப்பைத் தூக்கித்தான் தோள் போயிருக்கு."

ஒத்தடம் வைத்தால் வலி அடங்குமாம், தோளுக்குள் கிழிந்தது ஒட்டாதாம். உடனே வேலையை நிற்பாட்டி டொக்டரைப் பார்க்கவேண்டுமாம். இதே நிலையில் இன்னும் மூன்று மாதம் தூக்கினால் பிறகு அந்தக் கையால் ஒரு தேத்தண்ணிக் கோப்பை தூக்குவதும் கஷ்டம் என்றா. நான் நோயாளிகள் இருக்கிற வாங்கில் போய் இருந்துவிட்டேன். நாலு வருடம் அந்தக் கிளினிக்கில் வேலை. அந்த வாங்கில் அன்றைக்குத்தான் முதல் தரம் இருந்தேன்.

நீங்கள் ஏன் டொக்டரிடம் போகவில்லை என்று எனக்குத் தெரியும். போனால் ஓய்வுத் துண்டு எழுதித் தருவார். துண்டு கொடுத்தால் எண்ணின மூன்று மாதமும் போய்விடும். நானும் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன், அத்தான். இன்னும் எழுபத்தேழு நாள். அந்த எழுபத்தேழும் எனக்கு எவ்வளவு வேண்டும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனால் வந்து இறங்குகிற நாளில் என்னைக் கட்டிப்பிடிக்க இரண்டு கையும் வேண்டும்.

உங்கள் பெயருக்குப் பக்கத்தில் இலக்கம் எழுதியிருந்தால் நான் எப்போதோ கண்டுபிடித்திருப்பேன்.

மனேஜரின் கட்டளை: ஹெக்டரை வெளியே எடுங்கள். ஒரு ஆட்டத்துக்கு இல்லை, இந்த சீசன் முழுக்க. முதலாவது இடம் போனால் போகட்டும். இந்தக் கடிதம் கிடைக்கிற அன்றைக்கே டொக்டரிடம் போங்கள்.

சூட்கேசைத் திரும்ப அலுமாரிக்கு மேலே ஏற்றிவிட்டேன். அழுதுகொண்டுதான் ஏற்றினேன், மறைக்கவில்லை.

உங்கள் கொன்ஸி

*

றொரன்ரோ
14.11.1993

அன்பின் கொன்ஸி,

இடது கையால் எழுதுகிறேன். இந்த நாலு வரிக்கு ஒரு பின்னேரம் போகிறது.

டொக்டரிடம் போனேன். வலது கையை நெஞ்சோடு சேர்த்துக் கட்டியிருக்கிறார். வேலை நின்றுவிட்டது. எப்போது திரும்பலாம் என்று சொல்லமாட்டேன் என்கிறார். ஸ்டோரில் நான் தூக்கியது கோதுமை மா மூட்டைதான், நாற்பது கிலோ. பொய் சொன்னதற்கு மன்னியும்.

உமக்கு மே மாதம் வந்தது காய்ச்சல் இல்லை. றேமண்ட் சொன்னவன். நீர் மறைத்ததால் நானும் கேட்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எப்படியாவது உம்மை அங்கிருந்து எடுத்துவிடவேண்டும் என்று அவசரப்பட்டேன். அவசரம் எல்லாவற்றையும் பின்னுக்குத் தள்ளிவிட்டது.

ஹெக்டரின் தோளைப் பற்றி உமக்கு எழுதிய அன்றிலிருந்து பொத்தானை அமத்தவில்லை. இங்கே பனி கொட்டுகிறது. ஹெக்டருக்கும் மற்றவர்களுக்கும் இன்னும் ஓகஸ்ட் ஒன்பது. நீர் எழுதினால்தான் அவர்களுக்கு விடியும்.

கிளெமென்ற்

*

கொட்டாஞ்சேனை
05.12.1993

அன்பின் அத்தானுக்கு,

உங்கள் இடது கை எழுத்து முதலாம் வகுப்புப் பிள்ளையின் எழுத்து மாதிரி இருக்கிறது. நீங்கள் எழுதிய எல்லாக் கடிதங்களிலும் இதைத்தான் கூடுதலாக வாசித்திருக்கிறேன். கை எப்படி இருக்கிறது? அண்ணை சோறு பிசைந்து தருகிறாரா? என் நன்றியை அவருக்குச் சொல்லுங்கள். அம்மா உங்களுக்காக அந்தோனியாருக்கு ஒன்பது செவ்வாய் நேர்ந்திருக்கிறா, முழங்காலைப் பார்க்காமல்.

மே மாதத்தைச் சொல்கிறேன். பஸ்ஸில் இருந்து இறக்கிக் கொண்டுபோய் நாலு நாள் ஒரு ஸ்ரேஷனில் வைத்திருந்தார்கள். ஒரு அறையில் பதினொரு பெண்கள். அடிக்கவில்லை. பயம்தான். கேட்கிறார்கள், எழுதுகிறார்கள், பிறகு வேறு ஒருவர் வந்து முதலிலிருந்து கேட்கிறார். படுக்க இடமில்லாமல் சுவரோடு சாய்ந்திருந்து, இருக்கிற பயத்தில் செபமும் வாயில் வராமல், உங்கள் பிட்சர்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தேன். இன்றைக்கு ஹெக்டர் எறிந்துவிட்டான், நாலு நாள் ஓய்வு. நாளைக்கு மற்றவன், நாளையின்றைக்கு அதற்கடுத்தவன். ஐந்தாம் நாள் ஹெக்டரின் முறை வந்த காலையில் றேமண்ட் கலியாணப் பதிவையும் டொக்டரின் கடிதத்தையும் கொண்டு வந்து நின்றான், விட்டுவிட்டார்கள். உங்களுக்கு எழுதினால் தாங்கமாட்டீர்கள் என்று காய்ச்சல் என்றேன். நான் மறைத்தபடியால்தானே நீங்கள் மூட்டை தூக்கினீர்கள். இனிமேல் இரண்டு பேரும் மறைக்கவேண்டாம்.

பயப்படாதீர்கள். துண்டு கைப்பையில்தான் இருக்கிறது. றேமண்ட் கூட வருகிறான். நான் காத்திருப்பேன். ஆறு மாதம் என்றாலும், அதற்கு மேல் ஆறு மாதம் என்றாலும். எனக்கு விருப்பம் இல்லைதான். ஆனாலும் காத்திருப்பேன்.

இம்முறை பதினைந்து நாளுக்கு எழுதவில்லை. ஓகஸ்ட் பத்து: ஹெக்டர் வாங்கில் இருக்கட்டும். இடது கைக்காரன் டேவி எறியட்டும். தோற்றால் பரவாயில்லை.

ஒரே ஒரு நாள் நகர்த்துங்கள், அத்தான். நகர்த்திவிட்டு எனக்கு எழுதுங்கள்.

உங்கள் கொன்ஸி